ஃபாஸ்ட் ஃபுட்: மாதம் இரண்டு முறை போதும்

பரோட்டா, ஃப்ரைடு ரைஸ், பர்கரை அடியோடு தடுத்தால் பிள்ளைகள் ஒளித்துச் சாப்பிடுவார்கள். மாதத்துக்கு இரண்டு முறை என்று வைத்துக்கொள்வது நல்லது. எந்த நாள் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். நல்ல மார்க் வாங்கியதற்குப் பரிசாகவோ, அழுகையை நிறுத்தவோ மட்டும் வாங்கித் தராதீர்கள். அந்தப் பழக்கத்தை மாற்றுவதுதான் மிகக் கஷ்டம்.

உணவைவிட அதோடு சேர்ந்து வரும் குளிர்பானம்தான் பெரிய சிக்கல். 300 மில்லி கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க இதயச் சங்கம். ஒரே பாட்டிலில் அந்த அளவு தாண்டிவிடுகிறது! பதிலுக்கு மோரோ உப்புக் குறைவான எலுமிச்சை ஜூஸோ கொடுங்கள்.

தள்ளுவண்டியில் வாங்கினால் எண்ணெயைப் பாருங்கள். கறுத்து, நுரைத்துப் புகைந்தால் வேண்டாம். சில்லி சிக்கன், கோபி மஞ்சூரியன் பளீரென்று சிவந்திருந்தாலும் தவிர்த்துவிடுங்கள்; சாயம் சேர்த்திருக்கலாம். ரோடமைன் பி என்ற சாயம் இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை வந்தது.

பள்ளி விட்டு வரும் பசிதான் கடைப் பக்கம் இழுக்கிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் சுண்டலோ, வேர்க்கடலை உருண்டையோ, மீந்த இட்லியை உதிர்த்துத் தாளித்த உப்புமாவோ கைக்கு எட்டும்படி இருக்கட்டும். இரவு பரோட்டாதான் வேண்டுமென்றால் ஒன்றோடு நிறுத்தி, ஒரு முட்டையும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும் சேர்த்துக் கொடுங்கள்.