பல்லாவரம் கல்லை வெளிச்சத்தால் படிக்கலாமா?

ஒரகடம் ரோட்டுல ஜல்லி லாரி போகாத நாள் உண்டா? சென்னையைச் சுற்றிக் கட்டடங்களுக்கு வரும் கருநீல ஜல்லியில் சார்னோகைட் என்ற பாறையும் உண்டு. அந்தப் பெயருக்குக் காரணமே நம்ம பக்கத்துக் கல்தான். கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல், பல்லாவரம் பகுதியில் இருந்து போனது. 1893-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் அதை ஆராய்ந்து, அந்த வகைப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்தார்.

பார்க்க கிரானைட் மாதிரி இருக்கும் இந்தக் கல்லைத் தனியாகக் காட்டிக் கொடுப்பது அதில் உள்ள ஹைப்பர்ஸ்தீன். இது மக்னீசியமும் இரும்பும் கலந்த பைராக்சீன் கனிமம். கல்லை அமிலத்தில் கரைக்காமல், அகச்சிவப்பு ஒளியை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம். எப்படின்னு பார்ப்போம்.

என்ன நடக்குது?

பைராக்சீன் படிகத்தில் உலோக அயனிகள் உட்கார எம்1, எம்2 என்று இரண்டு வகை இடங்கள் உண்டு. இரும்பு அயனிக்குப் பிடித்தது எம்2. அந்த இடம் சமச்சீராக இல்லாமல் கோணலாக இருக்கும். அதனால் இரும்பின் டி-எலக்ட்ரான்களின் ஆற்றல் மட்டங்கள் பிரிந்துவிடும். கீழ் மட்டத்தில் இருந்து மேலே தாவ, எலக்ட்ரான் ஒளியை விழுங்கும். அதனால் கல்லில் பட்டுத் திரும்பும் ஒளியின் வரைபடத்தில் இரண்டு அகலமான பள்ளங்கள் விழும்: ஒன்று 0.9 மைக்ரான் பக்கம், இன்னொன்று 1.9 மைக்ரான் பக்கம்.

1.24-ஐ மைக்ரான் அளவால் வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கும். 0.9-க்கு சுமார் 1.38, 1.9-க்கு சுமார் 0.65. சிலிக்கான் சென்சாருக்கு 1.12-க்குக் கீழே கண் தெரியாது. ஆக, போன் கேமரா வகை சென்சார் இரண்டாவது பள்ளத்தைப் பார்க்கவே முடியாது. 2.5 மைக்ரான் வரை போகும் இண்டியம் காலியம் ஆர்சனைடு சென்சார் வேண்டும்.

எங்கே ஏமாறுவோம்?

நம்ம ஊர் மழைதான் வில்லன். வெளியே கிடந்த கல்லில் துரு படியும். துருவில் உள்ள கோதைட் என்ற கனிமமும் 0.92 பக்கம் ஒளியை விழுங்கும். கல்லில் ஏறிய ஈரம் 1.4-லும் 1.9-லும் விழுங்கும். அப்போ பைராக்சீனே இல்லாத கல்லும் 0.9, 1.9 இரண்டிலும் பள்ளம் காட்டும்!

தப்பிக்க மூணு வழி:

1. புதுசா உடைத்த முகத்தை, நன்றாக உலர வைத்து அளக்கணும்.
2. 1.4-ல் பள்ளம் இருக்கான்னு பார்க்கணும். இருந்தால் 1.9-ல் தண்ணீரின் பங்கும் உண்டு.
3. அகலத்தைப் பார்க்கணும். தண்ணீரின் பள்ளம் குறுகலானது; பைராக்சீனின் பள்ளம் பரந்து கிடக்கும்.

சார்னோகைட்டில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும்தான் அதிகம் என்பதால் பள்ளம் ஆழமாக இருக்காது. பொடியாக்கி, கருமையான துகள்களைப் பிரித்து அளந்தால் தெளிவாகும்.

நிலாவுக்கும் இதே பாடம்தான்

2008 அக்டோபர் 22-ல் கிளம்பிய சந்திரயான்-1-ல் இருந்த நாசாவின் எம்3 கருவி 3 மைக்ரான் வரை பார்த்தது. நிலாவில் பைராக்சீன் எங்கே இருக்கிறது என்று அது தேடியது இந்த இரண்டு பள்ளங்களை வைத்துத்தான். பள்ளம் எந்த இடத்தில் விழுகிறது என்பதும் முக்கியம். இரும்பு கூடக் கூட இரண்டும் நீண்ட அலைநீளம் பக்கம் நகரும். கால்சியம் அதிகமான பைராக்சீனில் அவை 1.0, 2.2 பக்கம் போய்விடும். ஆலிவின் என்றால் 1 மைக்ரான் பக்கம் மட்டும்தான் பள்ளம்; 2 மைக்ரானில் ஒன்றும் இருக்காது.

உங்களுக்கு ஒரு கேள்வி: ஒரு கல்லில் 0.92-ல் பள்ளம், 1.41, 1.91-ல் குறுகிய பள்ளங்கள். இது ஹைப்பர்ஸ்தீனா? அவசரப்பட்டு ஆமாம்னு சொல்லாதீங்க. முதல்ல சுத்தியலை எடுத்து புது முகம் உடைங்க, அப்புறம் திரும்ப அளங்க.