இரத்தம் ஊறவைக்கும் ஓமோன்: அளவோடு இருந்தால் மருந்து

எமது சமூகத்தில் நீரிழிவு அதிகம். அது பல வருடங்கள் நீடித்தால் சிறுநீரகங்கள் பழுதடைந்து, இரத்தச்சோகையும் சேர்ந்து வரலாம். இதற்காகச் சிலருக்குப் போடப்படும் ஈ.பி.ஓ. ஊசி பற்றி இம்முறை பார்ப்போம்.

ஈ.பி.ஓ. (எரித்ரோபொயிட்டின்) என்பது பெரும்பாலும் சிறுநீரகங்கள் சுரக்கும் ஓமோன். ஒட்சிசன் குறையும்போது இது கூடுதலாகச் சுரந்து, என்பு மச்சையில் செங்குழியங்கள் உருவாவதைத் தூண்டும். செங்குழியத்தின் ஆயுள் சுமார் 120 நாட்கள். சிறுநீரகம் பழுதடைந்தால் ஓமோன் குறையும். அழியும் செங்குழியங்களுக்கு ஈடாகப் புதியவை உருவாகா. களைப்பும் மூச்சு வாங்குதலும் ஏற்படும். 1989 இல் அமெரிக்காவில் செயற்கை ஈ.பி.ஓ. அனுமதிக்கப்பட்ட பின், டயாலிசிஸ் நோயாளர் பலருக்கு அடிக்கடி இரத்தம் ஏற்றும் தேவை குறைந்தது.

செங்குழியங்கள் கூடினால் தசைகளுக்கு ஒட்சிசனும் கூடும். அதனால் விளையாட்டு வீரர்கள் சிலர் இதைக் களவாகப் பாவித்தார்கள். சைக்கிளோட்ட வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கின் ஏழு 'டூர் டி பிரான்ஸ்' வெற்றிகளும் 2012 இல் பறிக்கப்பட்டன. ஈ.பி.ஓ. பாவித்ததை 2013 இல் அவரே ஒப்புக்கொண்டார்.

இது விதிமீறல் மட்டுமல்ல, உயிராபத்தும்கூட. செங்குழியங்கள் மிகுந்தால் இரத்தம் தடிப்பாகி, கட்டிபட்டு, மாரடைப்போ பாரிசவாதமோ வரலாம்.

நோயாளருக்கும் அளவு முக்கியம். 2009 இல் வெளியான ஆய்வொன்றில், நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ள சுமார் 4,000 பேர் பங்குபற்றினர். இவ்வகை ஊசியால் ஹீமோகுளோபினை 13 வரை உயர்த்த முயன்ற பிரிவில் 100 க்கு 5 பேருக்குப் பாரிசவாதம் வந்தது. மற்றப் பிரிவில் 2.6 பேருக்கே வந்தது. ஆகவே வைத்தியர்கள் பொதுவாக 10 முதல் 12 வரையுள்ள அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கவனிக்க வேண்டியவை:

1. "அம்மாவுக்கு இன்னும் களைப்பு, ஊசியைக் கூட்டுங்கோ" என்று வற்புறுத்தாதீர்கள். களைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு.
2. ஊசி வேலை செய்ய இரும்புச்சத்துத் தேவை. இரும்பு மாத்திரையைத் தேநீருடன் எடுக்க வேண்டாம்.
3. இவ்வூசி இரத்த அழுத்தத்தைக் கூட்டலாம். ஒழுங்காக அளந்து பாருங்கள். கடும் தலையிடி, நெஞ்சுவலி, ஒரு பக்கம் விறைத்தல், பேச்சுக் குழறல் ஏற்பட்டால் உடனே அம்புலன்சை அழையுங்கள்.
4. விளையாட்டில் ஈடுபடும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள்: குறைந்தவருக்கு ஈடுசெய்வதே மருந்து, நிறைந்தவருக்கு அது நஞ்சு.