எட்டாவது சேவையகம்

2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் நாள் காலை 9.30 மணிக்கு நியூயார்க் பங்குச் சந்தை வழக்கம்போல் திறந்தது. அடுத்த 45 நிமிடங்களில் ‘நைட் கேப்பிட்டல்’ என்னும் நிறுவனம் 460 மில்லியன் டாலருக்கும் மேற்பட்ட தொகையை இழந்தது. கொள்ளை எதுவும் நடக்கவில்லை. கணினிக்குள் எவரும் ஊடுருவவும் இல்லை. எட்டுச் சேவையகங்களில் ஏற்ற வேண்டிய புதிய மென்பொருளை ஊழியர் ஒருவர் ஏழில் மட்டுமே ஏற்றியிருந்தார்.

சேவையகம் என்பது பலரின் கோரிக்கைகளை ஏற்று இடைவிடாது இயங்கும் கணினி. பொதுமக்கள் தரகர்கள் வழியாகத் தரும் பங்கு ஆணைகளைச் சந்தைக்கு அனுப்புவதே நைட் கேப்பிட்டலின் தொழில்களில் ஒன்று. அன்று பங்குச் சந்தையில் ஒரு புதிய வணிகத் திட்டம் தொடங்கவிருந்ததால், அதற்கேற்ற நிரலை நிறுவனத்தார் எழுதி, ஜூலை 27 முதல் சிறிது சிறிதாகச் சேவையகங்களில் ஏற்றினர். எட்டாவது சேவையகம் விடுபட்டுப்போனது.

அதில் தங்கிவிட்ட பழைய நிரலில் ‘பவர் பெக்’ என்ற பகுதி ஒன்று இருந்தது. அதைப் பயன்படுத்துவதை நிறுவனம் 2003ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது, ஆனால், அழிக்கவில்லை. புதிய நிரலைத் தொடங்கி வைக்க நிரலர்கள் தேர்ந்தெடுத்த குறியோ, முன்பு பவர் பெக்கைத் தொடங்கி வைத்த அதே குறி. ஆகவே, ஏழு சேவையகங்கள் புதிய வேலையைச் செய்ய, எட்டாவது சேவையகம் ஒன்பது ஆண்டுகளாக உறங்கிக்கொண்டிருந்த நிரலை எழுப்பிவிட்டது. ‘கேட்ட அளவு வாங்கியாயிற்று, நிறுத்து’ என்று அந்நிரலுக்குச் சொல்ல வேண்டிய பகுதி 2005இல் வேறிடத்திற்கு மாற்றப்பட்டிருந்தது. மாற்றிய பின் அதை யாரும் மறுபடி சோதிக்கவில்லை. விளைவு, 212 சிறிய ஆணைகளுக்காக நான்கு மில்லியனுக்கும் மேற்பட்ட வணிகங்கள் நடந்தேறின.

பதற்றத்தில் ஊழியர்கள் செய்த காரியம் நிலைமையை மேலும் மோசமாக்கியது. புதிய நிரலில்தான் கோளாறு என்றெண்ணி, அதைச் சரியாக ஏற்றியிருந்த ஏழு சேவையகங்களிலிருந்தும் நீக்கினர். இப்போது அந்த ஏழும் எட்டாவதைப் போலவே பழைய நிரலை இயக்கத் தொடங்கின!

பிழை யாருடையது? ஒரு சேவையகத்தை மறந்த ஊழியரைச் சுட்டிக்காட்டுவது எளிது. ஆனால், அவருடைய வேலையை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதியே நிறுவனத்தில் இல்லை என்பதை அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் விசாரணை காட்டியது. ஒரே வேலையைப் பலமுறை கையால் செய்யும் எவரும் ஒருநாள் தவறத்தான் செய்வர். அதை அவரது கவனக்குறைவாக மட்டும் பார்ப்பது நியாயமன்று.

இந்த வேலையை இன்று பல நிறுவனங்களில் மனிதர் கையால் செய்வதில்லை. நிரலர் எழுதியதைச் சோதிப்பது, ஒரே தொகுப்பாகக் கட்டுவது, சேவையகங்களில் ஏற்றுவது ஆகிய மூன்றையும் தானியங்கியாகச் செய்யும் ஏற்பாட்டிற்குப் ‘பைப்லைன்’ என்று பெயர். குழாயின் ஒரு முனையில் நிரல் நுழைகிறது. எல்லாச் சோதனைகளிலும் தேறினால் மறுமுனையில் மக்கள் பயன்படுத்தும் செயலியாக வெளிவருகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்கு நீங்களும் நண்பர்கள் மூவரும் முன்பதிவுச் செயலி ஒன்றை உருவாக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாசி லெமாக் ஒரு பொட்டலம் 2 ரிங்கிட் 50 சென். இரண்டு பொட்டலம் கேட்டால் விலை 5 ரிங்கிட் என்று வர வேண்டும். ஒன்றும் கேட்காவிட்டால் 0 என்று வர வேண்டும். யாரேனும் விளையாட்டாக ‘-3’ என்று தட்டினால் செயலி அதை ஏற்க மறுக்க வேண்டும். இல்லையேல், சிற்றுண்டிச்சாலை அவருக்கு 7 ரிங்கிட் 50 சென் கடன்பட்டுவிடும்! இந்த எதிர்பார்ப்புகளையும் சிறு நிரல்களாக எழுதி வைக்கலாம். இவையே சோதனைகள்.

ஒருநாள் நண்பர் ஒருவர், பத்துப் பொட்டலங்களுக்கு மேல் வாங்குவோர்க்குப் பத்து விழுக்காடு கழிவு தரும் பகுதியைச் சேர்க்கிறார். அவசரத்தில் ‘பத்துக்கு மேல்’ என்னும் நிபந்தனையை எழுத மறந்துவிடுகிறார். அவர் தம் கணினியில் இருபது பொட்டலங்களை மட்டும் இட்டுப் பார்த்தார். கழிவு சரியாக வந்தது. நிரலைக் குழுவின் பொதுக் களஞ்சியத்திற்கு அனுப்பியவுடன் பைப்லைன் எல்லாச் சோதனைகளையும் ஓட்டுகிறது. இரண்டு பொட்டலத்தின் விலை 4 ரிங்கிட் 50 சென் என்று வருகிறது. சோதனை தோல்வி. திரையில் சிவப்பு நிறம் தோன்றுகிறது. நிரல் அங்கேயே நிற்கிறது. பிழை சிற்றுண்டிச்சாலையை எட்டவே இல்லை.

சோதனையில் தேறிய நிரல் அடுத்து ஒரே தொகுப்பாகக் கட்டப்படும். அதே தொகுப்புதான் எல்லாச் சேவையகங்களுக்கும் செல்லும். ‘என் கணினியில் நன்றாகத்தானே ஓடியது?’ என்ற பேச்சு இதனால் பெரிதும் குறைகிறது. ஏற்றும்போதும் முதலில் ஒரு சேவையகத்தில் ஏற்றிப் பார்த்து, அது நலமாக இயங்கினால்தான் மற்றவற்றில் ஏற்றுவர். கோளாறு தென்பட்டால் முந்தைய தொகுப்பிற்கே திரும்புவர்.

இத்தகைய கருவிகளுள் பெயர்பெற்றது ‘ஜென்கின்ஸ்’. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் நிரலராக இருந்த கோசுகே கவாகுச்சி 2004இல் அதை உருவாக்கத் தொடங்கினார். தாம் எழுதும் நிரல் அடிக்கடி குழுவின் வேலையைக் குலைத்ததால், பிறர் கண்டுபிடிக்கும் முன்பே தாம் அறிய வேண்டும் என்பதே அவரது நோக்கம். முதலில் ‘ஹட்சன்’ என்றழைக்கப்பட்ட அது 2011இல் இன்றைய பெயரைப் பெற்றது.

நைட் கேப்பிட்டலில் இப்படியொரு பைப்லைன் இருந்திருந்தால், எட்டுச் சேவையகங்களிலும் ஒரே நிரல்தான் உள்ளதா என்பதைச் சந்தை திறக்கும் முன்பே அது ஒப்பிட்டுப் பார்த்திருக்கும். உண்மையில், அன்று காலை 9.30க்கு முன்பே அந்நிறுவனத்தின் கணினி அமைப்பு பிழையைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியது. அவற்றை எவரும் பொருட்படுத்தவில்லை. மின்னஞ்சலைப் படிக்காமல் விடலாம். வழியை அடைத்து நிற்கும் சிவப்பு நிறத்தை அவ்வாறு விட முடியாது.

ஆயினும், பைப்லைன் தனக்குச் சொல்லப்பட்டதை மட்டுமே சோதிக்கும். இதனை நம் வட்டாரமே நேரில் கண்டது. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், சிங்கப்பூர், மலேசிய நேரப்படி மதியம் 12.09 மணிக்குக் ‘கிரவுட்ஸ்டிரைக்’ என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஒரு புதுப்பிப்பை வெளியிட்டது. உலகெங்கும் ஏறத்தாழ 8.5 மில்லியன் கணினிகள் நீலத்திரையுடன் செயலிழந்தன. சாங்கி விமான நிலையத்திலும் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலும் சில விமான நிறுவனங்களின் பயணிகள் நீண்ட வரிசையில் நின்றனர். அவர்களை ஊழியர்கள் கணினியின்றிக் கைப்படப் பதிவு செய்தனர்.

அந்நிறுவனத்தில் தானியங்கிச் சோதனை இல்லாமல் இல்லை. புதுப்பிப்பு 21 தகவல்களை எதிர்பார்த்தது. கணினியிலிருந்த நிரலோ 20 தகவல்களைத்தான் கொடுத்தது. முன்பு நடந்த சோதனைகளில் 21ஆவது இடத்திற்கு ‘எதுவாயினும் சரி’ என்று குறித்திருந்ததால், அந்த இடத்தை நிரல் ஒருமுறைகூடப் பார்க்க நேரவில்லை. ஜூலை 19இல்தான் முதன்முறையாக அதைப் பார்க்க முயன்றது. அத்துடன், இவ்வகைப் புதுப்பிப்புகளைச் சிலருக்கு முதலில் அனுப்பிப் பார்க்கும் வழக்கமும் அங்கு இல்லை. 78 நிமிடங்களில் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றாலும், முடங்கிய கணினிகள் பலவற்றை ஊழியர்கள் ஒவ்வொன்றாகச் சென்று மீட்க வேண்டியிருந்தது.

அதன்பின் அந்நிறுவனம் ஒவ்வோர் இடத்திற்கும் தனிச் சோதனையைச் சேர்த்தது. புதுப்பிப்புகளைப் படிப்படியாக வெளியிடவும், எப்போது ஏற்றிக்கொள்வது என்று வாடிக்கையாளரே முடிவு செய்யவும் வழி செய்தது.