தன் பெயரில் ஓர் ஏடு: அமெரிக்கா செல்லும் சகோதரிக்கு

 

நம் ஊர்க் கடைத்தெருவில் ஒருவரைப் பற்றி "நாணயமானவர்" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் சாட்சி தேவைப்படுவதில்லை. அவர் யார் மகன், யார் மருமகன், வாங்கியதைச் சொன்ன நாளில் கொடுப்பவரா என்பதெல்லாம் தெருவுக்கே தெரியும். மளிகைக் கடைக்காரர் பற்று நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டு சாமானைக் கட்டிக் கொடுத்துவிடுவார்.

நிக்காஹ் முடிந்து, விசாவும் கிடைத்து, அமெரிக்காவில் போய் இறங்கும் நம் சகோதரிக்கு அங்கே இப்படிச் சாட்சி சொல்ல யாருமில்லை. அங்கே தெரு பேசாது, ஏடுதான் பேசும். அந்த ஏட்டை அவர்கள் கிரெடிட் ரிப்போர்ட் என்கிறார்கள். அதில் அவர் பெயரே இல்லையென்றால், அவர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்விக்கே இடமில்லை. அவர் இல்லாதவராகவே கருதப்படுவார்.

ஒரு சகோதரியை எண்ணிப் பாருங்கள். நியூஜெர்சியில் பத்தாண்டுகளாகக் குடும்பம் நடத்துகிறார். வீட்டு வாடகை ஒப்பந்தம், கார், கார்டு எல்லாம் கணவர் பெயரில். திடீரென்று கணவர் மவுத்தாகிவிடுகிறார். இத்தா முடிந்து, பிள்ளைகளுடன் சிறிய வீடொன்றுக்கு மாறலாம் என்று விசாரித்தால், வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் கிரெடிட் என்ன?" என்பதாக இருக்கிறது. பத்தாண்டு சிக்கனமும் ஒழுங்கும் அந்த அம்மையார் பெயரில் ஒரு வரியாகக்கூடப் பதியப்படவில்லை. இந்த நிலை நம் வீட்டுப் பெண்ணுக்கு வரக்கூடாது என்பதற்கே இப்பாடம்.

ஏடு என்பது என்ன?

அமெரிக்காவில் எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், ட்ரான்ஸ்யூனியன் என மூன்று பெரிய நிறுவனங்கள் இந்த ஏடுகளை வைத்திருக்கின்றன. யார் எவ்வளவு கடன் பெற்றார், எந்தத் தேதியில் கட்டினார் என்பதைக் கடன் கொடுத்தவர்கள் மாதந்தோறும் இந்நிறுவனங்களுக்குத் தெரிவிக்கிறார்கள். அதைக்கொண்டு மதிப்பெண் ஒன்று கணக்கிடப்படுகிறது. பெரும்பாலான இடங்களில் கேட்கப்படும் ஃபைக்கோ மதிப்பெண் 300 முதல் 850 வரை செல்லும். தவணை தவறாமல் கட்டியதற்கு 35 விழுக்காடு, பாக்கி நிற்கும் தொகைக்கு 30, கணக்கின் வயதுக்கு 15, புதிதாகக் கடன் கேட்டதற்கு 10, கடன் வகைகளுக்கு 10 என்பது அதன் பொதுவான கணக்கு.

இதில் கவனிக்க வேண்டியது யாதெனில், ஏடு ஆளுக்கு ஆள் தனி. நிக்காஹ் ஆனதால் கணவரின் நல்ல பெயர் மனைவியின் ஏட்டில் சேர்ந்துவிடுவதில்லை. நம் நாட்டில் சிபில் மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அது பொதுவாக அங்கே தொடர்வதுமில்லை. சேமிப்புப் பணமும் டெபிட் கார்டும் இந்த ஏட்டில் ஏறுவதில்லை. கையில் காசு வைத்துக் கடனே வாங்காமல் வாழ்பவர், அந்த ஏட்டின் பார்வையில் வெற்றுத்தாள்தான்.

மார்க்கத்தின் பார்வை

எழுதி வைப்பது நமக்குப் புதிதன்று. தவணையிட்டுக் கடன் பேசினால் அதை எழுதிச் சாட்சியும் வைத்துக்கொள்ளும்படி பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே திருமறையில் மிக நீளமான வசனம். பெண்ணின் மஹர் அவளுக்கே சொந்தம் என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனமும், அவள் சம்பாதித்தது அவளுக்குரியது என்பதை அதே அத்தியாயத்தின் 32ஆம் வசனமும் நமக்குக் கற்பிக்கின்றன. ஆகவே மனைவி தன் பெயரில் கணக்கு வைத்திருப்பது கணவருக்கு மாறு செய்வதாகாது. அது அவளுக்கு மார்க்கம் தந்த உரிமையின் நிழலில் உள்ளதே.

அதே நேரத்தில் கடன் எளிதான காரியமும் அன்று. மூன்று தீனார் கடன் வைத்து இறந்தவருக்கு ஜனாஸா தொழுவிக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தயங்கியதையும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனுக்குத் தாமே பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்ததையும் புகாரியில் காண்கிறோம். எனவே இப்பாடத்தின் நோக்கம் கடன்பட வழிகாட்டுவதன்று. வாக்குத் தவறாதவர் என்ற பெயரைக் குறைந்த அளவு கடனைக்கொண்டு எவ்வாறு பதிவு செய்வது என்பதே.

புறப்படும் முன்: பெயர்

நம் பெண்களுக்குக் குடும்பப் பெயர் என்பது வழக்கமில்லை. தகப்பனாரின் முதலெழுத்தோடு பெயர் முடிந்துவிடும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் வெறுமையாக இருந்தால், அமெரிக்க விசாவில் பெண்ணின் பெயர் குடும்பப் பெயராகிவிடும், முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்.என்.யு." என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பதே அதன் பொருள். பின்னர் வங்கியில் ஒருவிதம், வாடகைப் பத்திரத்தில் வேறுவிதம் என்று எழுதப்பட்டு, ஒரே பெண்ணின் ஏடு இரண்டாகப் பிரிந்துவிடலாம். ஆகவே விசாவுக்கு மனுச் செய்யும் முன்னரே பாஸ்போர்ட்டில் முதற்பெயரும் குடும்பப் பெயரும் நிறைந்திருக்கச் செய்யுங்கள். அதே எழுத்துக்கூட்டலைப் பின்னர் எங்கும் மாற்றாதீர்கள்.

சென்ற பின்: படிகள்

முதலாவது, எண். நிரந்தரக் குடியிருப்பு விசாவில் செல்பவர் விசா மனுவிலேயே சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும் என்று குறிப்பிடலாம். கார்டு அங்குள்ள முகவரிக்குத் தபாலில் வரும். குறிப்பிடாவிட்டால் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குச் சென்று கேட்க வேண்டும். எச்-4 விசாவில் செல்பவருக்கு வேலை அனுமதி கிடைக்கும் வரை இவ்வெண் கிடைக்காது. அவர் கணவருடன் சேர்ந்து வருமான வரிக் கணக்குக் கொடுக்கும்போது ஐ.டி.ஐ.என். என்னும் வரி எண்ணுக்கு மனுச் செய்யலாம். சில வங்கிகள் இவ்வெண்ணை ஏற்றுக் கார்டு தருகின்றன. பிற்காலத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைத்ததும், பழைய பதிவுகளை அதனுடன் சேர்க்கும்படி மூன்று நிறுவனங்களுக்கும் எழுத வேண்டும்.

இரண்டாவது, வங்கிக் கணக்கு. கணவரோடு கூட்டுக் கணக்கு ஒன்றும், தன் பெயரில் ஒன்றும் இருப்பது நலம். இது ஏட்டில் ஏறாது; ஆனால் பின்வரும் படிகளுக்கு இதுவே வாசல்.

மூன்றாவது, கணவரின் கார்டில் கூடுதல் பயனாளராகப் பெயர் சேர்ப்பது. பெரும்பாலான வங்கிகள் இதை மனைவியின் ஏட்டிலும் பதிகின்றன. பதிவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்க. கார்டு ஒப்பந்தப்படி பாக்கியைக் கட்டும் பொறுப்பு கணவருடையது. ஆனால் அவர் தவணை தவறினால் அந்தக் கறையும் மனைவியின் ஏட்டில் விழக்கூடும். கணவர் இறந்துவிட்டால் அந்தக் கார்டைத் தொடர்ந்து பயன்படுத்தவும் கூடாது. ஆகவே இது ஊன்றுகோல்தான், சொந்தக் காலன்று.

நான்காவது, சொந்தக் கார்டு. முன்பணம் கட்டிப் பெறும் கார்டு புதியவருக்கு ஏற்றது. 200 டாலர் கட்டினால் பெரும்பாலும் 200 டாலர் வரை செலவிடலாம். ஒழுங்காக நடந்து கணக்கை மூடும்போதோ சாதாரணக் கார்டாக மாற்றும்போதோ முன்பணம் திரும்பிவிடும். வேலையில்லாத மனைவிக்குக் கார்டு கிடைக்காது என்று எண்ண வேண்டாம். 2013இல் திருத்தப்பட்ட விதிப்படி, 21 வயது நிரம்பியவர் தமக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடிய குடும்ப வருமானத்தையும் மனுவில் காட்டலாம். கணவரின் சம்பளம் கூட்டுக் கணக்கில் விழுவது இதற்கு உதவும்.

ஐந்தாவது, வாடகை. தவறாமல் கட்டும் வாடகையை ஏட்டில் பதியச் செய்யும் ஏற்பாடுகள் உள்ளன. வாடகை ஒப்பந்தத்தில் மனைவியின் பெயரும் இருக்கட்டும். வீட்டுக்காரரிடம் இதுபற்றிக் கேட்டுப் பாருங்கள். கடனே இல்லாமல் நாணயத்தைக் காட்டும் வழி இது.

ஃபைக்கோ மதிப்பெண் தோன்றக் குறைந்தது ஆறு மாத வயதுள்ள கணக்கு ஒன்று வேண்டும். எனவே அவசரப்பட்டு நான்கைந்து கார்டுகளுக்கு மனுப் போடாதீர்கள். ஒன்று போதும்.

வட்டியின் வாசலில் நில்லாதீர்

இங்கேதான் நம் சகோதரி மிக விழிப்பாக இருக்க வேண்டும். கார்டு ஒப்பந்தத்தில், பாக்கி நின்றால் வட்டி என்ற நிபந்தனை இருக்கிறது. அந்த நிபந்தனையுள்ள கார்டை, குறித்த காலத்தில் முழுதும் கட்டிவிடும் எண்ணத்துடன் வாங்குவதும் கூடாது என்று சர்வதேச ஃபிக்ஹ் பேரவை 2000ஆம் ஆண்டு ரியாத் கூட்டத்தில் தீர்மானித்தது. தேவையைக் கருதி, ஒரு காசும் வட்டி கொடுக்காத உறுதியுடன் பயன்படுத்தலாம் என்று கூறும் ஆலிம்களும் உள்ளனர். தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்து நடப்பதே பேணுதல். முதற்கருத்தைப் பின்பற்றுவோருக்கு மேலே சொன்ன வாடகைப் பதிவு உண்டு. அதோடு, தொலைபேசி, மின்சாரக் கட்டணங்களைக் கட்டியதையும் ஏட்டில் சேர்த்துக்கொள்ள எக்ஸ்பீரியன் வழி செய்திருக்கிறது.

கார்டு வைத்திருப்பவர் அறிய வேண்டியது இது. மாதக் கணக்கு அனுப்பிய பின் கட்டுவதற்கு வங்கி குறைந்தது 21 நாள் தர வேண்டும். பொதுவாக, அந்தக் கெடுவுக்குள் மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டிவருபவருக்குப் பொருள் வாங்கியதற்கு வட்டி இல்லை. கணக்குத் தாளில் "குறைந்தபட்சத் தொகை" என்று சிறிய தொகை ஒன்று அச்சிட்டிருப்பார்கள். அதை மட்டும் கட்டினால் தவணை தவறியதாகாது. ஆனால் மிச்சத்தின்மேல் வட்டி ஏறும். அந்த வரியைக் கண்டு ஏமாறாதீர்கள். கார்டைப் போட்டு ரொக்கம் எடுத்தால் பெரும்பாலும் அன்றே வட்டி தொடங்கும். அதைத் தொடவே வேண்டாம்.

பாக்கி வைத்து வட்டி கட்டினால்தான் மதிப்பெண் உயரும் என்று சிலர் சொல்வார்கள். இது தவறு. மாதம் ஒரு சிறு சாமான் வாங்கி, முழுவதையும் கட்டினாலே ஏடு வளரும். செலவு, கார்டின் வரம்பில் 30 விழுக்காட்டுக்கு உள்ளேயே இருக்கட்டும். குறையக் குறைய நல்லது. 200 டாலர் கார்டுக்கு 60 டாலர் என்பது மேல் எல்லை. வங்கிக் கணக்கிலிருந்து முழுத் தொகையும் தானாகக் கட்டப்படும்படி முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டால் மறதிக்கு இடமில்லை. 30 நாளுக்கு மேல் தவறிய தவணை ஏட்டில் ஏறிவிட்டால் ஏழாண்டு வரை நிற்கும்.

வட்டியில்லா முறையில் வீடு வாங்க விரும்புவோருக்கும் ஒரு வார்த்தை. குறைந்துவரும் முஷாரகா முறையில் வீடு வாங்கித் தரும் நிறுவனங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. அவர்களும் இந்த ஏட்டைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். ஹலாலான வழியில் போகவும் நாணயத்துக்குச் சாட்சி தேவைப்படுகிறது.

கையெழுத்திடும் முன்

கணவரோ, மைத்துனரோ, மாமனாரோ ஒரு தாளை நீட்டி, "இதில் ஒரு கையெழுத்துப் போடும்மா" என்றால், என்னவென்று படிக்காமல் போடாதீர்கள். கூட்டுக் கடனிலும் பிணைக் கையெழுத்திலும் முழுத் தொகைக்கும் நீங்களே பொறுப்பாளி ஆகிறீர்கள். மணமுறிவு ஏற்பட்டாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. மனைவிக்குத் தெரியாமல் அவள் பெயரில் கடன் எடுப்பது அமானிதத்துக்குச் செய்யும் மோசடி. அந்நாட்டுச் சட்டத்திலும் அது குற்றம்.

உங்கள் ஏட்டை நீங்களே பார்க்கலாம். ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காம் என்ற தளத்தில் மூன்று நிறுவனங்களின் ஏடுகளும் வாரம் ஒருமுறை இலவசம். தாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. தவறு கண்டால் எழுதி முறையிடுங்கள். 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்கள் பொதுவாக 30 நாளில் விசாரித்துத் திருத்த வேண்டும்.

கணவர்மார்களுக்கு

1974க்கு முன்னர் அமெரிக்காவிலேயே பல வங்கிகள், கணவரின் கையெழுத்தின்றி மணமான பெண்ணுக்குக் கடன் கணக்குத் தர மறுத்தன. அவ்வாண்டில் வந்த சமவாய்ப்புக் கடன் சட்டம் அதைத் தடுத்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து பயன்படுத்தும் கணக்கின் விவரத்தை நிறுவனம் ஏட்டுக்குத் தெரிவித்தால், இருவர் பெயரிலும் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் அதன்கீழ் உண்டு. சட்டம் திறந்த கதவை நாம் வீட்டுக்குள்ளிருந்து சாத்திவிடலாகாது.

உங்களை நம்பிக் கடல் தாண்டி வந்தவர் அவர். மாதக் கணக்குத் தாளை அவருடன் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். வந்த முதல் மாதத்திலேயே வாடகைப் பத்திரத்திலும் வங்கியிலும் அவர் பெயரைச் சேருங்கள். உங்களுக்குப் பின் அவர் யார் வாசலிலும் நிற்காமலிருக்க இன்றே நீங்கள் செய்யக்கூடிய சிறு ஏற்பாடு இது.

சகோதரிகளே! நம் பாட்டிமார் பற்று நோட்டில் பாக்கி நின்றால் நிம்மதியாக உறங்கமாட்டார்கள். அந்தக் குணத்தை நீங்கள் உடன் கொண்டு செல்கிறீர்கள். அங்கே அதற்குச் சாட்சியாக உங்கள் பெயரில் ஓர் ஏடு மட்டும் வேண்டும். அது சிறிதாகத் தொடங்கட்டும். வட்டியின் கறைபடாமல் வளரட்டும். வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் கடன் சுமையிலிருந்து காத்து, வாக்கைக் காப்பாற்றுபவர்களாக ஆக்குவானாக! ஆமீன்.