பதினெட்டு இலக்கத்தில் ஒரு தேதி

பெரிய அலுவலகம் ஒன்றில் ஆயிரக்கணக்கானோர் கணிப்பொறியைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களுள் ஒருவர் வேலையை விட்டுச் சென்றுவிட்டார்; ஆனால் அவருடைய கணக்கு மூடப்படவில்லை. பூட்டாத கதவு போன்ற அதன் வழியே வேறு எவரேனும் நுழையலாம் அல்லவா? இத்தகைய கணக்குகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

பயனாளர், கணிப்பொறி, அச்சுப்பொறி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு எழுதி, கிளைவிட்ட மரம்போல் அடுக்கி வைக்கும் ஏற்பாடே டைரக்டரி சேவை. 2000ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட ஆக்டிவ் டைரக்டரி இவ்வகையைச் சேர்ந்தது. மரத்தில் உள்ள ஒவ்வோர் உருப்படியும் ஓர் ஆப்ஜெக்ட். பெயர், துறை, தொலைபேசி எண் முதலியன அதன் பண்புகள்.

இப்பண்புகளைக் காண 'எல்டாப்சர்ச்' என்னும் கட்டளை உதவுகிறது. எந்த சர்வர், மரத்தின் எந்தக் கிளை, யாருடைய குறிப்பு, எந்தப் பண்பு என்ற நான்கையும் ஒரே வரியில் தட்டச்சு செய்தால், விடை திரையில் வரும். கடைசியாக உள்ளே வந்த நேரத்தைக் குறிக்கும் 'லாஸ்ட் லாகான்' என்ற பண்பைக் கேட்போம். விடை இப்படி இருக்கலாம்:

133801632000000000

இது தேதியா? ஆம்! 1601 ஜனவரி 1 முதல் கழிந்த நேரத்தை, ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு எண்ணியது இது. ஒரு கோடியால் வகுத்தால் 13380163200 விநாடிகள். 86400ஆல் வகுத்தால் 154863 நாட்கள். நமது நாட்காட்டியில் 400 ஆண்டுகளுக்கு 146097 நாட்கள். அவற்றைக் கழித்தால் 2001 ஜனவரி 1க்கு வந்துவிடுவோம். மீதி 8766 நாட்கள். அதாவது, 6 லீப் ஆண்டுகள் அடங்கிய 24 ஆண்டுகள். எனவே விடை: 2025 ஜனவரி 1, கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு. இந்தியாவில் அப்போது காலை 5.30 மணி.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு சர்வரும் தன்னிடம் வந்தவரின் நேரத்தை மட்டுமே இப்பண்பில் குறித்துக்கொள்ளும். மற்ற சர்வர்களுக்குச் சொல்லாது. ஒன்றை மட்டும் கேட்டு முடிவு செய்தால், நேற்று வேறு சர்வர் வழியாக வந்தவரின் கணக்கையும் மூடிவிடுவோம். எல்லாவற்றையும் கேட்டு, மிகப் பெரிய எண்ணையே கொள்ள வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவீட்டை நம்பி முடிவு எழுதக் கூடாது என்பதும் இதுபோன்றதே.

நீங்களே செய்து பாருங்கள்: 116444736000000000 என்பது எந்த நாள்? யூனிக்ஸ் கணிப்பொறிகள் நேரத்தை எண்ணத் தொடங்கும் நாள் அது!