வாழைத்தோலின் கருமையும் தாத்தாவின் கைநடுக்கமும்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையிலுள்ள கிளியனூரில் ஒரு வீட்டை மனக்கண்ணால் பாருங்கள். அம்மா வாழைக்காயை நறுக்கி, உடனே மோர் கலந்த நீரில் போடுகிறார். போடாவிட்டால் துண்டுகள் கறுத்துவிடும். திண்ணையில் தாத்தா அமர்ந்திருக்கிறார். மடியில் சும்மா கிடக்கும் அவர் கை நடுங்குகிறது. தம்ளரை எடுக்கப் போனால் நடுக்கம் சற்றுக் குறைகிறது. நடையும் தளர்ந்து, அடிகள் குறுகிவிட்டன. "வயதாகிவிட்டது" என்கிறார்கள் வீட்டார். வாழைக்காய் கறுப்பதற்கும் இந்த நடுக்கத்திற்கும் தொடர்பு உண்டென்றால் நம்புவீர்களா?

இந்நோயை 1817இல் விவரித்தவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர். நம் மூளையின் நடுப்பகுதியில் கருநிறத் திட்டு ஒன்று உள்ளது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கின்றன. உடல் அசைவுகள் சீராக நடைபெற இது தேவை. அந்த அணுக்கள் மெல்ல மெல்ல அழிவதே பார்க்கின்சன் நோயின் அடிப்படை.

அவை ஏன் அழிகின்றன? காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று டோபமைனிடமே இருக்கிறது!

டோபமைன் மூலக்கூறின் வளையத்தில் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் அடுத்தடுத்து உள்ளன. ஆக்சிஜன் அவற்றிலுள்ள ஹைட்ரஜனைப் பறித்தால் டோபமைன் குயினோனாக மாறுகிறது. குயினோன்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கருநிறப் பொருளாகின்றன. வாழையிலும் டோபமைன் உண்டு, தோலில் மிகுதி. வெட்டியதும் ஒரு நொதி இவ்வினையை விரைவுபடுத்துகிறது, தோல் கறுக்கிறது. மோரின் அமிலம் அதைத் தடுக்கிறது.

நரம்பணுவும் அம்மாவைப் போன்றதே! டோபமைனை அமிலத்தன்மை உள்ள நுண்பைகளில் அடைத்து வைக்கிறது. பைக்கு வெளியே கசிந்தால் ஆபத்து. அங்கே அமிலம் இல்லை. இரும்பு அயனிகளும் துணை நிற்க, குயினோன் உண்டாகிறது. குயினோனுக்குக் கந்தகத்தின் மேல் பெரும் நாட்டம். சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் கந்தகம் உண்டல்லவா? சிஸ்டீன் உள்ள புரதங்களைக் குயினோன் இறுகப் பற்றிக்கொள்கிறது.

இவ்வாறு சிக்கிக்கொள்ளும் ஒரு காவல் புரதம் பார்க்கின். இதன் மரபணுவை 1998இல் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்தனர். அது பழுதுபட்டால் இளம் வயதிலேயே நோய் வரலாம். பழுதான புரதங்கள்மேல் யுபிகுவிட்டின் என்ற அடையாளச் சீட்டை ஒட்டி, 'இதை அகற்றுக' என்று அறிவிப்பது பார்க்கினின் வேலை. கெட்டுப்போன மைட்டோகாண்டிரியாக்களையும் இவ்வாறே அகற்றுவிக்கிறது. மனிதப் பார்க்கினில் 35 சிஸ்டீன்கள் உள்ளன. 2005இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள், டோபமைன் பார்க்கினோடு பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்வதைக் காட்டினர். துப்புரவாளர் முடங்கினால் தெருவில் குப்பை சேரும், அணுவிலும் அப்படித்தான்.

அப்படியானால் டோபமைன் பகைவனா? அல்ல. இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும்வரை அது நண்பனே. நோயாளிக்குக் குறைவதும் அதுதான். ஆனால், டோபமைனை உண்டால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. எனவே வாழைப்பழம் மருந்தாகாது! மூளைக்குள் சென்று டோபமைனாக மாறும் லெவோடோபாவே மருந்து. 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1967இல், அமெரிக்காவில் கோட்சியாஸ் என்ற மருத்துவர் டோபாவை வாய்வழியே படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து நல்ல பலன் கண்டார்.

அந்த மருந்தும் குயினோனாகி அணுக்களைக் கெடுக்காதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! நோயாளிகளிடம் நடத்திய ஆய்வுகளில் மருந்து நோயை விரைவுபடுத்தியதாகத் தெரியவில்லை. ஆகவே அஞ்சி மருந்தை நிறுத்துவது தவறு. பூனைக்காலி விதையைத் தாமாகவே அரைத்து உண்பதும் ஆபத்து, அளவு தெரியாது.

இன்று ஒரு சோதனை செய்யுங்கள். வாழைப்பழத் தோலில் இரு துண்டுகள் எடுத்து உட்புறத்தைச் சுரண்டுங்கள். ஒன்றின்மேல் எலுமிச்சைச் சாறு தடவுங்கள். மற்றதைச் சும்மா விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒப்பிடுங்கள். பின்பு உங்கள் தெருவில் ஓய்ந்திருக்கும்போது கை நடுங்கும் பெரியவர் யாரேனும் உண்டா என்று கவனியுங்கள். 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல அவர் வீட்டாரிடம் சொல்லுங்கள். நோயை முற்றிலும் நீக்க வழி இன்னும் இல்லை. ஆனால் தம்ளரைத் தானே ஏந்திக் குடிக்கும் நாள்களை அவருக்குக் கூட்டித் தர முடியும்.