உறக்கம் வராத இரவுகள்
(பெண்கள் சங்கங்களுக்கான பாடம்)

2020 மார்ச் 20ஆம் திகதி கொவிட்-19 காரணமாக நாடெங்கும் ஊரடங்கு போடப்பட்டது. பேராதனை, கண்டிப் பகுதிகளிலும் கடைகள் பூட்டப்பட்டன, நாட்கூலி நின்றது. ஆனால் தேயிலைத் தோட்டங்களில் வேலை தொடர்ந்தது. பாடசாலை மூடியதால் பிள்ளைகளின் படிப்பு, சமையல், நோயாளர் பராமரிப்பு யாவும் பெரும்பாலும் பெண்களின் தலையிலேயே விழுந்தன.

அந்த நோயின் முதலாண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலகளவில் ஏறத்தாழ 25 வீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது. கூடுதலாகப் பாதிக்கப்பட்டவர்கள் பெண்களும் இளையோரும் ஆவர்.

இது ஏன் நமக்குப் பாடம்? வருமானம் நிற்பது, நாளை என்ன என்று தெரியாதிருப்பது, உறவுகளைப் பிரிந்திருப்பது ஆகியவையே அன்று உறக்கத்தைக் கெடுத்தன. காணியை விட்டு வந்த நமக்கும் இவையே கவலைகள்.

கவலை உள்ளபோது உடல் ஆபத்துக்கு ஆயத்தமாக நிற்கிறது. நெஞ்சு படபடக்கும், உறக்கம் வராது. உறங்காவிட்டால் மறுநாள் சிறிய காரியமும் மலையாகத் தெரியும். கவலை மேலும் வளரும். இது சோம்பலோ பலவீனமோ அல்ல.

செய்யக்கூடியவை:

1. எத்தனை மணிக்குப் படுத்தாலும் ஒரே நேரத்தில் எழும்புங்கள். காலை வெளிச்சத்தில் சற்று நில்லுங்கள்.
2. பின்னேரத்திற்குப் பின் தேத்தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணித்தியாலம் எடுக்கும்.
3. கவலைகளை மாலையிலேயே ஒருவரிடம் சொல்லுங்கள். பாயில் படுத்து எண்ண வேண்டாம்.
4. நெடுநேரம் உறக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியாக இருந்து, கண் சொருகியபின் படுங்கள்.
5. பலர் தங்கும் இடத்தில் இரவில் பயமிருந்தால் முறைவைத்துக் காவலிருங்கள். கழிப்பறைக்குத் துணையோடு செல்லுங்கள்.
6. வைத்தியர் சொல்லாமல் உறக்க மாத்திரை எடுக்க வேண்டாம்.

வீட்டு ஆண்களுக்கும் இதில் பங்குண்டு. தண்ணீர் எடுப்பதையும் இரவில் அழும் பிள்ளையைத் தேற்றுவதையும் பகிர்ந்துகொண்டால், அந்த ஒரு மணித்தியாலம் தாய்க்கு மருந்தாகும்.

இரண்டு வாரத்திற்கு மேல் மனம் சோர்ந்திருந்தால் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் பேசலாம். அப்படிச் சொல்பவரைத் தனியே விடாதீர்கள்.

கலந்துரையாட:
அ. நம்மிடையே உறங்காமல் தவிப்பவர் யார்? அவரிடம் யார் பேசுவது?
ஆ. இரவுக் காவலை எப்படிப் பகிர்வது?